பதினேழு, இடமிருந்து வலம்

கோட்டூர் சாலையில் கொள்முதல் நிலையம்.
ஒன்பது நாளாக என் குவியல் வெட்டவெளியில்.
டோக்கன் நாற்பத்தொன்று.
முப்பத்திரண்டோடு நின்றுவிட்டது.
சாக்கு வரவில்லையாம்.

பஜ்ஜி மடித்துவந்த ஞாயிற்றுத் தாளில்
எண்ணெய் ஊறிய கட்டங்கள்.
பட்டியல் போடும் வேதரெத்தினமும்
அதே தாளை ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்.
யாராவது வந்தால் புத்தகம் மூடிக்கொள்ளும்.

மூட்டை தூக்கும் இடும்பையன்
என் படுதா ஓரத்தில் குந்தியிருந்தான்.
"என்னக்கா இது, கண்டதையும் கேக்குறான்?"

கண்டதைத்தான் கேட்கிறான்.
உனக்குத் தெரிந்ததை
நீ அடையாளம் காணாதபடி கேட்கிறான்.
பொய் சொல்ல மாட்டான், அதுதான் அவன் நேர்மை.
கோணலாக நின்றுகொண்டு உண்மை சொல்வான்.

"மூட்டைக்கு உதவும்,
வேலைக்கு வராதவனுக்கும் உதவும்.
மூன்று எழுத்து."
வாசித்து முடிக்கவில்லை,
"சாக்கு" என்றான்
ஒன்பது நாளாய்க் கூலி பார்க்காதவன்.
"சாக்கு இல்லேன்னு சொல்றதே ஒரு சாக்குதானேக்கா."
விளக்கமும் அவனே.

"வால் அறுந்த மதகுரு தண்ணீர் விடுகிறார்."
எனக்குத் தெரியாத சாமியார் பேரெல்லாம் சொன்னான்.
சாமியாரை விடு, எழுத்தைப் பார்.
மதகுருவின் கடைசி ரு-வைக் கிள்ளிப் போடு.
மிச்சம் என்ன?
கோரையாற்றில் பாதி துருவேறி நிற்கிறதே, அது.
சாக்கின் கு-வும் மதகின் கு-வும் ஒரே கட்டம்.
அங்கே பிசகினால் இரண்டும் போச்சு.

"'சுந்தரா, சுகமா?' நடுவில் நின்று நிறுக்கிறது."
இது ஒளித்துவைக்கிற வகை.
முன்னால் இருக்கிற சுந்,
பின்னால் இருக்கிற கமா,
இரண்டு கையாலும் பொத்திக்கொள்.
த, ரா, சு என்று எழுத்துக்கூட்டியவன்
திரும்பி, கொட்டகைக்குள் பார்த்தான்.
"அது நடுவுலயா நிக்குது?"

அதற்கு எந்தத் தாளிலும் விடை போடுவதில்லை.

சாயங்காலம் வேதரெத்தினம் கூப்பிட்டனுப்பினார்.
நெல்லுக்கென்று நினைத்து ஓடினேன்.
ரசீதுப் புத்தகத்தை நகர்த்தினார்.
"நீங்க போடுவீங்களாமே.
பதினேழு, இடமிருந்து வலம்.
'கொடு மதுவை, நெஞ்சில் கசியட்டும்.'"

அவர் எழுதியிருந்தது தாரம்.
கொடு என்றால் தா, மது என்றால் ரம்.
கணக்குச் சரிதான்.
தாரம் எப்படிக் கசியும் என்று
அவருக்கே சந்தேகம் போல,
பென்சிலை அழுத்தாமல் எழுதியிருந்தார்.

சார், ரம் சரி.
ஒன்பதாவது இலக்கணப் பாடம் ஞாபகம் இருக்கா?
மேலே இருக்கிறவன் கேட்டால் கொடு என்பான்.
சரிசமமானவன் கேட்டால் தா.
கீழே நின்று கேட்கிறவனுக்கு வேறே ஒரு எழுத்து,
ஒரே ஒரு எழுத்து.
நீங்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள்.
என் பக்கம் வந்து நின்று பாருங்கள், வரும்.

எழுத்தை நான் சொல்லவில்லை.
விடையை என் வாயால் சொல்லிவிட்டு
அந்த மேசையில் நெல்லை வைக்க முடியாது.

தா-வை அழித்தார்.
எச்சில் தொட்டு இன்னொரு முறை அழித்தார்.
அங்கே ஈ-யை எழுதினார்.
வாசித்தார்.
ஈரப்பதமானி அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.
ஒரு பிடி நெல்லை அதில் போட்டு
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"பதினெட்டு புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல வாங்கக் கூடாதும்மா.
காயப்போடுங்க."

வரப்பு மிதிக்கிற மாதிரி மிதித்துத் திரும்பினேன்.
இடும்பையன் எதுவும் கேட்கவில்லை.
படுதாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்.
முத்துப்பேட்டைப் பக்கம் வானம் கருத்திருந்தது.

"நான் ஒண்ணு போடுறேன்க்கா, ரெண்டே எழுத்து.
அஞ்சு முடிஞ்சா வரும்.
மதகு தொறந்தா வரும்.
உங்க மூஞ்சியப் பாத்து
இப்ப நான் சொல்றதும் அதேதான்."

பென்சிலை அவன் காதில் செருகிவிட்டு
மறுமுனையைப் பிடித்தேன்.